தானாக ஏறிய ஆயில் மட்டம்

டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரைத் தூக்க லீவரை இழுத்தேன். எப்போதும் ஒரே மூச்சில் எழுந்துவிடும் லிப்ட் அன்று பாதியில் நின்றது, குலுங்கியது, அப்புறம் முனகிக்கொண்டே மீதியை ஏறியது. சீட்டுக்கு அடியில் நாய் ஊளையிடுவது போல ஒரு சத்தம். வரப்பில் நின்ற சித்தப்பா, "பம்பு போச்சுப்பா" என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். கல்லல் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தென்னை, கொஞ்சம் மானாவாரி. தென்னை வரிசைக்குள் மட்டை இடிக்காமல் திரும்ப வேண்டும் என்பதற்காகவே வாங்கிய சின்ன டிராக்டர்: 24 எச்.பி., மூன்று சிலிண்டர், நான்கு சக்கரமும் இழுக்கும். செகண்ட் ஹேண்டில் எடுத்தது. மீட்டர் 912 மணி நேரம் காட்டியது. ஆயிலை அழுத்தி லிப்ட்டைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்பை மாற்றுவது என்றால் அந்த மாதத் தேங்காய்க் காசை மறந்துவிட வேண்டியதுதான்.

காரைக்குடியில் பழக்கமான மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன். முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "பம்பை விடுங்க தம்பி. வண்டியில எத்தனை இடத்துல ஆயில், தண்ணி இருக்கோ, ஒண்ணு விடாம பாத்து எழுதிட்டுக் கூப்பிடுங்க. குறைஞ்சிருந்தாலும் எழுதுங்க, கூடியிருந்தாலும் எழுதுங்க."

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். நான் அளவு பார்க்காத ஆள் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் என்ன பார்த்தேன் என்று கொட்டகைக் கம்பத்தில் தொங்கும் காலண்டரில் பென்சிலால் குறித்துவைக்கிறவன். சரி, சொன்னால் செய்துவிடுவோம் என்று ஆரம்பித்தேன்.

முதல் வேலை வண்டியைச் சமதரையில் நிறுத்துவது. எங்கள் கொட்டகைத் தரை செம்மண். மழையில் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத சரிவுதான், ஆனால் ஆயில் மட்டம் பார்க்கும் கேஜ் கம்பியில் அரை விரல் வித்தியாசம் காட்டும். அதனால் நெல் அடிக்கும் சிமெண்டுக் களத்துக்குக் கொண்டுபோனேன். அங்கேயும் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்து, எந்தப் பக்கமும் ஓடாமல் தேங்கி நின்ற இடத்தில் வண்டியை விட்டேன். ரொட்டவேட்டரைத் தரையில் இறக்கி, நியூட்ரலில் போட்டு, பிரேக்கைப் பூட்டி, சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். இரவு முழுக்க அப்படியே நின்றது.

இன்ஜின் ஆயிலைக் காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் பார்ப்பது நல்லது. ஆயில் முழுக்கக் கீழே இறங்கியிருக்கும். ஓடிய வண்டி என்றால் அணைத்துவிட்டு ஐந்து பத்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். கம்பியை உருவி, துடைத்து, மறுபடி அடி வரை செருகி, உருவிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். துடைக்கிற துணியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பனியன் வேஸ்ட்டில் நூல் பிரியும், அந்த நூல் கம்பியோடு உள்ளே போய்விடும். நான் பழைய வேட்டித் துண்டு ஒன்றை இதற்கென்றே பாலிதீன் பையில் போட்டு வைத்திருக்கிறேன்.

மட்டம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. நிறம் கன்னங்கரேல். டீசல் இன்ஜினில் ஆயில் மாற்றிச் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. மூக்கால் பார்ப்பதுதான் முக்கியம். டீசல் வாடை அடித்து, மட்டமும் ஏறியிருந்தால் எங்கோ டீசல் உள்ளே இறங்குகிறது. அப்படிப்பட்ட ஆயில் நீர்த்துப்போய் பேரிங்கைத் தின்றுவிடும். சந்தேகத்துக்கு ஒரு சொட்டைத் தினசரித் தாளில் விட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். டீசல் கலந்திருந்தால் கறுப்புப் பொட்டைச் சுற்றி வெளுத்த ஈர வளையம் அகலமாகப் பரவும். எங்களுடையதில் பொட்டு மட்டும்தான் இருந்தது. காலண்டரில் "இன்ஜின் சரி" என்று எழுதினேன்.

ரேடியேட்டரில்தான் முதல் குட்டு வெளிப்பட்டது. ரிசர்வ் டப்பாவில் தண்ணீர் கீழ்க்கோட்டுக்கும் கீழே. இன்ஜின் ஆறிக் கிடந்ததால் மூடியைத் திறந்தேன். சூட்டில் மட்டும் திறக்கவே கூடாது. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கிறது. திறந்த நொடியில் அத்தனையும் பொங்கி முகத்தில் அடிக்கும். மூடிக்கு அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்திருந்தது. குற்றவாளி நான்தான். கோடையில் அவசரத்துக்கு இரண்டு மூன்று தடவை போர்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன். காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றி அப்படிப் பெருமை பேசுவார்கள். நிலத்தடித் தண்ணீருக்கு ருசி வருவதே அதில் கரைந்திருக்கும் தாதுவால்தான். ரேடியேட்டருக்கு ருசி எதற்கு?

இதைச் சொன்னபோது அப்பத்தா சிரித்தார். "அதுக்குத்தான் நாங்க வளவுல அண்டா வச்சு மழைத்தண்ணி பிடிச்சோம். கிணத்துத் தண்ணியில துவரம்பருப்பு கல்லு மாதிரி கிடக்கும், மழைத்தண்ணியில பூவா வெந்துரும்." பருப்பை வேகவிடாத அதே உப்புதான் ரேடியேட்டர் குழாயிலும் படிகிறது. அப்பத்தாவுக்கு அறுபது வருடமாகத் தெரிந்தது எனக்கு 912 மணி நேரம் கழித்துத் தெரிந்தது.

பழைய தண்ணீரை முழுக்க இறக்கி, காய்ச்சி வடித்த தண்ணீரால் இரண்டு தடவை அலசி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தே வரும் ரெடிமிக்ஸ் கூலண்ட்டை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை, ஊற்றினேன். குறைந்ததற்குக் காரணம் கீழ் ஹோஸின் கிளிப். திருப்புளியால் ஒன்றரைச் சுற்று முறுக்கியதும் கசிவு நின்றது. இறக்கிய பழைய தண்ணீரைச் சட்டியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. கூலண்ட் இனிக்கும், நாயும் ஆடும் நக்கிவிடும். அது விஷம்.

பேட்டரியில் ஆறு அறையில் இரண்டில் தகட்டு விளிம்பு வெளியே எட்டிப் பார்த்தது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும், தகடு மூழ்கி அதற்கு மேல் ஒரு சென்டிமீட்டர் நிற்கும் அளவுக்கு ஊற்றினேன். ஆசிட் ஊற்றவே கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், ஆசிட் உள்ளேயேதான் இருக்கும். 1953-இல் திறந்த மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தை மத்திய அரசு வைத்திருப்பதே நம் காரைக்குடியில்தான். பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தகட்டைக் காயப் போட்டவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். டீசல் பில்டருக்கு அடியில் உள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கவில்லை. முன் ஆக்சிலில் பக்கவாட்டு லெவல் பிளக்கைக் கழற்றி, சுண்டுவிரலை மடக்கி விட்டுப் பார்த்தேன். துளையின் கீழ் விளிம்பில் ஆயில் தட்டுப்பட்டது. தெளிவாக இருந்தது. சேற்று உழவு ஓட்டுகிறவர்கள் ஆயில் கசியாமல் தடுக்கும் இந்த ஆக்சில் சீலை அடிக்கடி பார்க்க வேண்டும், தண்ணீர் முதலில் நுழைகிற இடம் அது. எங்களுக்குச் சேற்று உழவு கிடையாது, புழுதி விதைப்புதான்.

கடைசியாகப் பின்பக்க ஆயில்.

நாம் பேச்சுவாக்கில் கியர் ஆயில் என்கிறோம். பெரும்பாலான சின்ன டிராக்டர்களில் கியர் பெட்டி, பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், லிப்ட், ஆயிலில் மூழ்கியிருக்கும் பிரேக் எல்லாம் ஒரே தொட்டியில் குடித்தனம் நடத்துகின்றன. சில வண்டிகளில் பவர் ஸ்டியரிங்கும் சேர்ந்துகொள்ளும், எங்களுடையது அப்படித்தான். கேஜ் சீட்டுக்குப் பின்னால், திருகு மூடியோடு இருக்கிறது. சில கம்பெனி வண்டியில் மூடியைத் திருகிப் பூட்டி அளக்க வேண்டும், சிலவற்றில் திருகாமல் மேலே உட்கார வைத்து அளக்க வேண்டும். கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். மாற்றி அளந்தால் அளவே மாறிவிடும்.

கம்பியை உருவினேன். மட்டம் மேல்கோட்டுக்கும் அரை விரல் மேலே. ஆயில் தேன் நிறத்தில் இருக்க வேண்டும். இது பால் தூக்கலாகப் போட்ட டீ நிறத்தில் இருந்தது. கம்பியின் நுனியில் மட்டும் ஒரு துளி, ஆயிலோடு ஒட்டாமல், பனித்துளி போலத் தனியாகத் தொங்கியது.

காலண்டரைக் கழற்றி எடுத்து வந்து திண்ணையில் உட்கார்ந்தேன். ஐப்பசி கடைசி ஞாயிறு: கீழ்க்கோட்டுக்குச் சற்று மேல். கார்த்திகை இரண்டாவது ஞாயிறு: நடு. கார்த்திகை கடைசி ஞாயிறு: மேல்கோடு. எல்லாம் என் கையெழுத்து. கடைசியில் "நல்லா இருக்கு" என்று வேறு எழுதியிருக்கிறேன். யாரும் ஒரு சொட்டுக்கூட ஊற்றாத ஆயில் எப்படி ஏறும் என்று ஒரு ஞாயிறும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. குறைந்திருந்தால் வண்டிக்கு அடியில் படுத்து எங்கே ஒழுகுகிறது என்று தேடியிருப்பேன். ஏறியதால் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

காரணம் சொல்லிக்கொள்ளவும் வசதி இருந்தது. லிப்ட் தூக்கியிருக்கும்போது சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் நிற்கும், இறக்கினால் அது தொட்டிக்குத் திரும்பும். அதனால் தூக்கி வைத்து அளந்தால் குறைவாகவும், இறக்கி வைத்து அளந்தால் கூடுதலாகவும் காட்டும். ஐப்பசியில் தூக்கி வைத்து அளந்திருப்பேன், அதுதான் வித்தியாசம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அடுத்த வாரம் தரைச் சரிவின் மேல் பழியைப் போட்டேன். நிறத்தையும் அப்போது பார்த்து என்ன பயன்? கார்த்திகை முழுக்க மழை, வண்டி நகரவே இல்லை. தண்ணீர் கனம் என்பதால் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது, கம்பி தொட்டது மேலே மிதந்த நல்ல ஆயிலை. மார்கழியில் நிலம் காய்ந்து, ரொட்டவேட்டரை மாட்டி இரண்டு நாள் ஓட்டியதும்தான் மத்தில் கடைந்த மாதிரி எல்லாம் ஒன்றாகிவிட்டது.

இருந்தாலும் தண்ணீர்தான் என்று உறுதி பண்ண வேண்டும். காற்று நுரைத்தாலும் ஆயில் வெளுக்கும். மெக்கானிக் அண்ணன் போனிலேயே வழி சொன்னார். "ஒரு இரும்புக் கரண்டியை நல்லா சூடாக்கி, இறக்கி வச்சிட்டு, ரெண்டு சொட்டு விடுங்க. சும்மா புகைஞ்சா காத்து. பொரிஞ்சா தண்ணி."

சமையல்கட்டில் அப்பத்தாவின் தாளிக்கிற கரண்டி மாட்டியிருந்தது. பிடி நீளம், குழி ஆழம், இதற்கென்றே செய்தது மாதிரி இருந்தது. பின்கட்டில் விறகடுப்பில் காயவைத்து, அடுப்பை விட்டுத் தள்ளி, கல் மேல் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, குச்சி நுனியால் இரண்டு சொட்டு விட்டேன். கடுகு போடாமலே படபடவென்று பொரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, வீட்டில் மிச்சமிருந்த புது ஆயிலிலும் இரண்டு சொட்டு விட்டேன். அது சத்தமில்லாமல் வழிந்து லேசாகப் புகைந்தது. அவ்வளவுதான். சத்தம் கேட்டு வந்த அப்பத்தா கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடேய், அது எங்காத்தா எனக்குக் குடுத்துவிட்ட கரண்டிடா." வீட்டில் அன்று ரசம் தாளிக்காமல்தான் இறங்கியது.

தண்ணீர் எந்த வழியாகப் போனது என்பதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம். கியர் லீவரின் அடியில் ஒரு ரப்பர் பூட் இருக்கும், புழுதி உள்ளே போகாமல். மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. விரலால் மடிப்பைப் பிரித்தபோது முன்பக்கம் ஐம்பது காசு அளவுக்கு ஓட்டை. விளிம்பெல்லாம் பல் தடம். எலி. நிமிர்ந்து பார்த்தேன். நேர் மேலே கீற்று மக்கி வானம் தெரிந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் பூட்டின் மடிப்பில் தேங்கி, புனலில் ஊற்றியது போல உள்ளே இறங்கியிருக்கிறது. அந்த வாரமே ஒரு ராத்திரி மழை பிடித்தது. வண்டி நிற்கும் அதே இடத்தில் வாளி வைத்தேன். விடிந்தபோது கால் வாளி.

ஆயிலை இறக்குவதில் ஒரு விஷயம். வழக்கமான ஆயில் மாற்றம் என்றால் வண்டியைக் கொஞ்சம் ஓட்டி, சூடாக இருக்கும்போது இறக்க வேண்டும், அப்போதுதான் கசடும் சேர்ந்து வரும். தண்ணீர் இறங்கிய வண்டிக்கு அப்படிச் செய்யாமல் ஒரு நாள் அசையாமல் நிறுத்தி வைத்து, ஆறிய நிலையில் தொட்டிக்கு அடியில் ஆயிலை இறக்குவதற்கென்று இருக்கும் ட்ரெயின் பிளக்கை முழுதாகக் கழற்றாமல் மெதுவாகத் தளர்த்தினேன். முதலில் வந்தது ஆயிலே இல்லை. கலங்கிய தண்ணீர், நூல் மாதிரி, ஐந்தாறு நிமிடம். அப்புறம் நூல் தடித்து, வெளுத்து, மோர் மாதிரி வந்தது. பிறகுதான் பிளக்கை முழுக்க எடுத்தேன். பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டிரம் நிறையும் வரை கொழகொழவென்று டீ நிறம். ஐந்து லிட்டர் கேனால் அளந்தேன். கையேட்டில் போட்டிருப்பது 20 லிட்டர். வெளியே வந்தது இருபத்தொன்றரை. ஐப்பசியில் மட்டம் கீழ்க்கோட்டருகே இருந்ததையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு லிட்டருக்கு மேல் மழை குடித்திருக்கிறது வண்டி.

பிளக்கின் நுனியில் காந்தம் உண்டு. அதில் கண்மை போல ஒரு பசை ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்தால் வழவழப்பு. கியர் தேய்மானத்தில் இது வருவது சகஜம். நெறுநெறுவென்று துகளோ, செதிலோ அகப்பட்டால்தான் கவலை. சக்‌ஷன் வலையை, அதாவது பம்பு ஆயிலை உறிஞ்சும் வழியில் இருக்கும் வடிகட்டியை, கழற்றினேன், ஊளைச் சத்தத்துக்கு விடை அங்கே இருந்தது. தண்ணீரும் ஆயிலும் சேர்ந்து உறைந்த தயிர் போல வலையின் முக்கால்வாசியை அடைத்திருந்தது. பம்பு உறிஞ்சப் பார்த்து, ஆயில் கிடைக்காமல் அழுதிருக்கிறது. பம்பின் மேல் ஒரு தப்பும் இல்லை. வலையை டீசலில் போட்டுப் பெயிண்ட் பிரஷால் தேய்த்துக் காயவைத்தேன். பில்டரைப் புதிதாக மாற்றினேன். ட்ரெயின் பிளக்குக்குப் புதுக் காப்பர் வாசர். பழைய வாசரைத் திருப்பிப் போட்டு மிச்சம் பிடிக்கிற பழக்கம் எனக்கும் இருந்தது. சொட்டுச் சொட்டாக ஒழுகும்போது அந்த மிச்சம் எங்கே போகிறது என்று தெரிந்த பிறகு விட்டுவிட்டேன்.

கடையில் கியர் ஆயில் என்று மொட்டையாகக் கேட்டால் 90 ஆயிலை நீட்டிவிடுவார்கள். முன் ஆக்சிலுக்கு 80-90 போடச் சொல்லியிருந்தால் அது சரி. பின்பக்கத் தொட்டிக்குக் கூடாது. ஆயிலில் மூழ்கிய பிரேக் இருக்கிற வண்டிக்கு வெட் பிரேக் ஆயில், அதாவது டப்பாவில் யூ.டி.டி.ஓ (UTTO) என்று போட்டிருப்பதுதான் வேண்டும். வேறு எதையாவது ஊற்றினால் பிரேக் கிறீச்சிடும், இல்லாவிட்டால் பிடிக்காது. காரைக்குடியில் 20 லிட்டர் பக்கெட் எனக்கு 5,800 ரூபாய்க்குக் கிடைத்தது.

சித்தப்பா, "டீசல் ஊத்தி அலசி விட்ருவோம்" என்றார். மெக்கானிக் அண்ணன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். டீசல் மூலைமுடுக்கில் தங்கி புது ஆயிலை நீர்க்க வைத்துவிடும். அதற்குப் பதிலாக, நல்ல ஆயிலையே கீழ்க்கோடு வரை மட்டும் ஊற்றி, ரொட்டவேட்டர் இல்லாமல் லிப்ட்டைப் பத்துப் பதினைந்து தடவை ஏற்றி இறக்கி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஊருக்குள் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, மறுநாள் காலை ஆறிய பிறகு பிளக்கைத் தளர்த்திப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். நாலைந்து துளித் தண்ணீர், அப்புறம் ஆயில். ஆயிலில் இன்னும் லேசான மங்கல். சிலிண்டருக்குள்ளும் குழாய்க்குள்ளும் தங்கியிருந்த பழசு அது. லிப்ட் மட்டும் அதற்குள்ளேயே ஒரே மூச்சில் எழ ஆரம்பித்துவிட்டது.

அந்த மங்கலோடு ஓட்டிவிடலாமா என்று மனசு அலைந்தது. இன்னொரு 5,800 ஆயிற்றே. "பேரிங் துருப்பிடிச்சா எவ்வளவுன்னு கணக்குப் போடுங்க தம்பி" என்றார் அண்ணன். பொங்கல் கழிந்து, முப்பது மணி நேரம் ஓடிய பிறகு, சூட்டோடு இறக்கி இரண்டாவது பக்கெட்டை ஊற்றினேன். இந்தத் தடவை மேல்கோடு வரை, ஒரு நூல்கூடத் தாண்டாமல். கூடிப்போனாலும் ஆயில் நுரைக்கும், சீலைத் தள்ளும்.

இறக்கிய பழைய ஆயிலுக்கு ஊரில் ஏக கிராக்கி. வேலிக் கம்பத்துக்குக் கரையான் வராமல் பூசலாம் என்று இரண்டு பேர் வந்து கேட்டார்கள். தண்ணீர் கலந்தது என்றதும் ஒருவர் போய்விட்டார், இன்னொருவர் பரவாயில்லை என்றார். நான் கொடுக்கவில்லை. எங்கள் வேலியை ஒட்டித்தான் கண்மாய்க்கு வரத்துக்கால் போகிறது. மழை பெய்தால் கம்பத்தில் பூசியது எங்கே போகும் என்று தெரியும். கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுக்கிறவரிடம் போட்டுவிட்டேன்.

புது பூட் போட்டாயிற்று. கொட்டகைக்குத் தகரம் போடும் வரை லீவர் மேல் தலைகீழாகக் கவிழ்த்த பிளாஸ்டிக் மக் ஒன்று நிற்கிறது. சித்தப்பாவுக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு. காலண்டரில் இப்போது மட்டத்தோடு இன்னும் இரண்டு விஷயம் எழுதுகிறேன்: நிறம், லிப்ட் மேலேயா கீழேயா. போன ஞாயிறு எழுதியது: "பின் ஆயில் மேல்கோடு, தேன் நிறம், லிப்ட் கீழே."

அப்பத்தாவுக்குப் புதுக் கரண்டி வாங்கிக் கொடுத்தேன். பிடி குட்டையாக இருக்கிறதாம், கை சுடுகிறதாம். பழையதைத் திரும்பக் கேட்டார். புளி போட்டு நாலு தடவை தேய்த்தும் வாடை போகவில்லை. அது இப்போது டூல்பாக்ஸில், 19 நம்பர் ஸ்பேனருக்குப் பக்கத்தில் கிடக்கிறது.